கையொப்பம் சேர்த்து ஒரு கொத்திக் கதை அச்சடித்த கணக்கு

வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை. அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, கிராம சேவகர் கடிதம் என்று பகல் முழுக்க மற்றவர்களின் தாள்கள் என் கைக்குள்ளால் போய்வரும். இரவில் எழுதினது ஒரு நாவல். நாலு வருசம் எடுத்தது. உடைப்பெடுத்த குளக்கட்டு நிற்கவேண்டுமென்று பலியாகக் கொடுக்கப்பட்ட ஒரு பிள்ளைத்தாய்ச்சி, கொத்திப் பேயாக மாறி அந்தக் குளத்தையே காவல் காக்கிறாள். குளத்துக்கு அடியில் அவளுக்கென்று ஒரு ஊரே இருக்கிறது. திகிலும் மிகுபுனைவும் கலந்த கதை.

அதை 300 பிரதி அச்சடிக்க வாசகர்களிடமே முற்பணம் சேர்த்தேன். 2023 யூனில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்தது. ஒரு சீஆர் கொப்பியில் நாள்வாரியாகக் குறித்து வைத்ததைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இப்படிக் கதை எழுதி வைத்துவிட்டு அச்சடிக்க வழி தெரியாமல் இருக்கிற ஆட்கள் வன்னிக்குள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். அவர்களுக்கு இது உதவும்.

எங்கள் பக்கத்தில் புத்தகம் போடுகிறவர் வழக்கமாகக் கைக்காசைப் போட்டு அச்சடிப்பார். பிறகு ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. முதற்பிரதி, சிறப்புப்பிரதி என்று மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுக்க, வாங்குகிறவர் என்வலப்பை நீட்டுவார். அந்த என்வலப்புகளில் அச்சுக்கூலி திரும்பி வரும். எத்தனையோ நல்ல கவிதைத் தொகுதிகள் அப்படித்தான் வெளியே வந்தன, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது எழுதினவரின் முகத்துக்காகக் கொடுக்கிற காசு. பேய்க்கதை இரவில் தனிய இருந்து வாசிக்கப்பட வேண்டியது. வாசித்து முடித்தவர் கிணற்றடிக்குப் போக யோசிக்க வேண்டும். கதைக்காகவே காசு கொடுக்கிற ஆட்கள் எனக்கு வேண்டியிருந்தது. அதோடு, முதலில் போடக் கைக்காசும் என்னிடம் இல்லை. 2022இல் டொலர் இல்லாமல் கடதாசி வராமல் போனபோது ஏறின விலை, பிறகு பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. என் கடையில் ஒரு பக்கம் கொப்பி எடுக்கிற விலையே அதற்குச் சாட்சி.

வவுனியாவில் ஒரு அச்சகத்தில் விலை கேட்டேன். டெமி அளவு, 224 பக்கம், 300 பிரதி: 1,98,000 ரூபா. அட்டைப்படம் வரைய 15,000. பொதி செய்யவும் தபாலுக்கும் 25,000. பஸ் செலவு, சில்லறை என்று 8,000. மொத்தம் 2,46,000. பிரதிக்கு 1,200 ரூபா என்று வைத்தால் 205 பேர் வேண்டும்.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். கிக்ஸ்டார்ட்டர் என்ற தளம் 2009இல் தொடங்கினது. எழுத்தாளர் ஒரு தொகையையும் கடைசித் திகதியையும் சொல்லுவார். திகதிக்குள் தொகை சேர்ந்தால்தான் ஆதரவாளரின் காசு எடுபடும், சேராவிட்டால் ஒருவரிடமிருந்தும் ஒரு சதம் போகாது. சேர்ந்தால் தளம் 5 வீதம் எடுக்கும், காசைக் கைமாற்றுகிற கட்டணம் தனி. 2022 மார்ச்சில் பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் நாலு நாவலுக்கு அதில் காசு கேட்டபோது 1,85,341 பேர் சேர்ந்து 4 கோடியே 17 இலட்சம் டொலர் கொடுத்தார்கள். அவருக்கு ஏற்கெனவே பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. ஆனால் அந்தத் தளத்தில் பெயர் தெரியாத திகில் எழுத்தாளர்களும் நூறு, இருநூறு பேரை வைத்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து விடுகிறார்கள். கதை நடக்கிற உலகத்தின் வரைபடம், கையெழுத்திட்ட பிரதி, நல்ல கட்டு என்று வாசகர் வீட்டில் வைத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மாய உலகத்தை விரும்புகிறவர் அதைக் கையிலும் தொட விரும்புகிறார். இதை நான் குறித்துக்கொண்டேன்.

இலங்கையிலிருந்து அந்தத் தளத்தில் காசு கேட்க முடியாது, எங்கள் நாடு அதன் பட்டியலில் இல்லை. நான் தொடங்கின காலத்தில் எங்கள் வங்கிக் கணக்குக்குப் பேபால் வழியாகக் காசு வாங்கவும் வழி இருக்கவில்லை. ஆகவே தளத்தை விட்டுவிட்டு அதன் ஒழுங்கை மட்டும் எடுத்தேன்: தொகை, திகதி, சேராவிட்டால் முழுக்காசும் திரும்பும்.

இந்த வேலைக்குத் தமிழில் என்ன சொல்லுவது என்று யோசித்தபோது உ.வே.சாமிநாதையர் ஞாபகம் வந்தார். சீவக சிந்தாமணியை 1887இல் அச்சில் கொண்டுவர முன்னமே, புத்தகம் வந்ததும் வாங்குவோம் என்று ஆட்களிடம் கையொப்பம் சேர்த்தார். அந்தச் சொல்லே எனக்குப் போதும். "கையொப்பம் வையுங்கோ" என்று கேட்டால் எங்கள் பெரியாட்களுக்கு உடனே விளங்கும். ஆதரவாளர், நிதியாளர் என்றெல்லாம் நான் எங்கேயும் எழுதவில்லை.

முதல் முயற்சி 2023 யூலை 5 முதல் 31 வரை. பேஸ்புக்கில் ஒரு போஸ்டர் போட்டேன். மேலே கறுப்புப் பின்னணி, நடுவில் தலைப்பு, கீழே "வன்னியிலிருந்து ஒரு புதிய எழுத்தாளர், ஆதரவு தாருங்கள்" என்ற வரியும் வங்கிக் கணக்கு இலக்கமும்.

27 நாளில் 11 பேர்.

அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வன்னி என்ற பெயரையும் வங்கிக் கணக்கையும் "ஆதரவு" என்ற சொல்லையும் ஒரே படத்தில் பார்க்கிற ஆள், அது உதவி கேட்கிற பதிவு என்றுதான் நினைப்பார். 2009இல் போர் முடிந்த பிறகு அப்படி எத்தனை ஆயிரம் பதிவு பார்த்திருப்பார்கள். லண்டனிலிருந்து ஒருவர் என் வீட்டின் படம் கேட்டார். கனடாவிலிருந்து ஒரு அண்ணை 10,000 ரூபா போட்டுவிட்டு, "புத்தகம் வேண்டாம் தங்கச்சி, நீங்கள் கஷ்டப்படுறியள்தானே, வைச்சிருங்கோ" என்று எழுதினார். நல்ல மனம். ஆனால் நான் அழுதுவிட்டேன். நாலு வருசம் எழுதின கதையைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தக் காசை அன்றைக்கே அவரின் தமையன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, 1,200 ரூபாவுக்குக் கதை வாங்குகிறதென்றால் சந்தோசமாகத் தருவேன் என்று பதில் போட்டேன். பிறகு அவர் வாங்கினார்.

ஓகஸ்ட் 1ஆம் திகதி மற்ற 11 பேருக்கும் 13,200 ரூபாவைத் திருப்பினேன். மூன்று பேர் "அடுத்த முறைக்கு வைச்சிருங்கோ" என்றார்கள். அவர்களுக்கும் திருப்பினேன், அனுப்புகிற கட்டணத்தை என் கைக்காசில் கட்டினேன். இதைச் செய்யப்போகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை வாசியுங்கோ: முற்பணத்துக்கென்று தனிக் கணக்கு திறவுங்கோ, திகதி முடியும் வரை அதில் ஒரு சதமும் தொடாதேங்கோ. அச்சகத்துக்கு முன்காசு கொடுக்கவும் கூடாது. என்னிடம் காசு திரும்பி வாங்கின 11 பேரும்தான் இரண்டாம் முறை எனக்காகக் கதைத்தார்கள். "அவ காசைத் திருப்பித் தந்தவ" என்று ஒருவர் தன் வட்ஸ்அப் குழுவில் சொன்னது, நான் போட்ட எந்தப் போஸ்டரை விடவும் கூடப் பேரைக் கொண்டுவந்தது.

ஓகஸ்ட், செப்டெம்பர் இரண்டு மாதமும் ஆரிடமும் காசு கேட்கவில்லை. கதையைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எனக்குக் கொத்தியை ஆர் தந்தது? அம்மம்மா. எழுத்தில் இல்லை, வாயால். லாம்பு வெளிச்சத்தில், மழை தகரத்தில் அடிக்கிற நேரத்தில். கோவலன் கூத்தும் வேலப்பணிக்கன் ஒப்பாரியும் காதால் கேட்டு வளர்ந்த ஊர் இது. வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை யானையைக் கட்டின கதையை நான் படித்ததில்லை, கேட்டிருக்கிறேன். அப்படியென்றால் என் கதையும் முதலில் காதுக்குள் போகட்டும் என்று முடிவெடுத்தேன்.

முதல் அத்தியாயத்தை என் குரலில் பதிந்தேன். போன் மட்டும்தான். செய்த விதம் இது: இரவு 10 மணிக்குப் பிறகு, முல்லைத்தீவு வீதியில் லொறி குறைந்த பிறகு, கடையின் பின்னறையில். கயிறு கட்டி மூன்று பக்கமும் பெட்சீற் தொங்கவிட்டேன், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் அதில் அடங்கும். காற்றாடியை நிற்பாட்டினேன். போனை வாய்க்கு நேரே பிடித்தால் "ப" வருகிற இடமெல்லாம் வெடிக்கும். ஒரு சாண் தள்ளி, கன்னத்துப் பக்கமாக வைத்தால் வெடிக்காது. மூன்று இரவு வீணாகின. எழுதினதை அப்படியே வாசித்ததுதான் காரணம், செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது. நாலாவது இரவு தாளை மூடி வைத்துவிட்டு, முன்னால் என் பெறாமகளை இருத்தி அவளுக்குச் சொன்னேன். அப்போதுதான் வந்தது:

"குளம் நிரம்புற இரவிலை கட்டாலை தனிய நடக்கிற பொம்பிளையை ஆரெண்டு கேக்காதை. கேட்டியெண்டா அவள் உன்ரை பேரைக் கேப்பாள்."

அன்றைக்கு நல்ல மழை. பின்னாலுள்ள பள்ளத்தில் தவளைகள் கத்தின. அதை வெட்டவில்லை. கேட்டவர்களில் அரைவாசிப் பேர் முதலில் சொன்னதே அந்தத் தவளைச் சத்தத்தைப் பற்றித்தான். பாரிசில் இருக்கிற ஒரு அக்கா, கதை தொடங்க முன்னமே தனக்கு நெஞ்சு அடைத்துப்போனது என்றார்.

எட்டு நிமிசத்தை மூன்றாக வெட்டினேன். எங்கள் பக்கத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும், சின்னத் துண்டுதான் இறங்கும். வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 இடத்துக்கு மேல் முன்னனுப்ப முடியாது. பலமுறை கைமாறினதென்றால் ஒவ்வொரு இடமாகத்தான் அனுப்பலாம், 2020இல் வந்த கட்டுப்பாடு அது. அதோடு பல கை மாறி வருகிற எதையும் ஆட்கள் திறக்கிறதில்லை. ஆகவே ஒவ்வொரு துண்டின் முடிவிலும் "அடுத்த துண்டு வேண்டுமென்றால் எனக்கே எழுதுங்கோ" என்று சொன்னேன். எழுதினவருக்கு என் கையாலேயே புதிதாக அனுப்பினேன். வேலை கூடத்தான், ஆனால் கேட்கிற ஒவ்வொருவரின் இலக்கமும் என்னிடம் வந்து சேர்ந்தது. காசைப் பற்றி மூன்றாவது துண்டின் கடைசி இருபது செக்கனில் மட்டும் சொன்னேன்: புத்தகம் 1,200 ரூபா, 205 பேர் சேரவேண்டும், நவம்பர் 30 கடைசி நாள், சேராவிட்டால் காசு திரும்பும். "ஆதரவு" என்ற சொல் எங்கேயும் இல்லை.

ஒக்டோபர் 15இல் விட்டேன். முதல் கிழமையில் 38 பேர். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஆட்கள் தங்கள் பேய்களை எனக்கு அனுப்பத் தொடங்கினார்கள். தண்ணிமுறிப்புப் பக்கத்தவர், இப்போது ஸ்காபரோவில் இருக்கிற ஒரு ஐயா, தன் சின்ன வயதில் பாலைப்பழம் பொறுக்கப் போய்ப் பாதை மாறி முனியிடம் அகப்பட்ட கதையை ஒன்பது நிமிசம் பேசி அனுப்பினார். நெடுங்கேணி ஆச்சி ஒருவர் தன் பேரனின் போனில், காட்டுக்குள் காலடி வைக்க முன்னம் குழை முறித்து ஐயனுக்குப் போடாத ஒரு வேட்டைக்காரனுக்கு நடந்ததைச் சொன்னார். கொள்ளிவாய்ப் பேய் சதுப்பு வாயுதான் என்று விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருவர் விளக்கிவிட்டு, "ஆனால் நான் கண்டது நடந்தது" என்று முடித்தார். அனுமதி கேட்டு, கிழமைக்கு ஒன்றாக இவற்றையும் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஒவ்வொரு கதையோடும் அந்த ஊர்க்காரர் ஐந்து பேர், பத்துப் பேர் வந்தார்கள். தன் ஊர்க் குளத்தின் பெயரை ஒரு கதைக்குள் கேட்கிற ஆளுக்கு அந்தப் புத்தகம் தன்னுடையது என்று தெரிந்துவிடுகிறது. பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரமும் ஒரு முறை செய்தேன், 3,000 ரூபாவுக்கு. விருப்பக்குறிகள் வந்தன, ஒரு கையொப்பமும் வரவில்லை. திரும்பச் செய்யமாட்டேன்.

காசுக் கணக்குத்தான் தலையிடி. வங்கியில் கட்டுகிறவர் பெயர் ஒன்று, கையொப்பம் வைத்தவர் பெயர் இன்னொன்று. கனடாவில் இருக்கிறவருக்காகக் கிளிநொச்சியில் மச்சான் கட்டுவார். துண்டில் எழுத இடமிருந்தாலும் ஒருவரும் எழுதுகிறதில்லை. முதல் கிழமையே ஆர் கட்டினது ஆர் கட்டவில்லை என்று குழம்பிவிட்டது. பிறகு கண்டுபிடித்த வழி இது. கையொப்பம் வைக்கிற ஒவ்வொருவருக்கும் 1 முதல் 50 வரை ஒரு எண் கொடுத்து, அதை விலையோடு கூட்டிக் கட்டச் சொன்னேன். 7ஆம் எண்காரர் 1,207 ரூபா, 32ஆம் எண்காரர் 1,232 ரூபா. கணக்கில் 1,232 விழுந்தால் ஆரென்று பார்த்த உடனே தெரியும். கட்டி முடித்ததும் அந்த எண்ணை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், ஆகவே 50 எண் போதும். அந்தச் சில்லறை எல்லாம் தபாற்செலவுக்குப் போனது. இதற்குப் பிறகு ஒன்றே ஒன்று தவிர எல்லாம் பொருந்தின.

நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை, வருசக்கணக்காக என் கடைக்கு வருகிற ஒரு அம்மா வந்தார். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தையும் கடிதங்களையும் கொப்பி எடுக்கத்தான் வருவார். அன்றைக்கும் ஆறு தாள். மெசினில் தாள் போய்க்கொண்டிருக்கக் கேட்டார்:

"பிள்ளை, உன்ரை கதையைப் பேத்தி போட்டுக் காட்டினவள். நல்லாத்தான் சொல்லுறாய். நந்திக்கடல் பக்கம் ஏதும் வருதோ அதிலை?"

கடைசிப் போர் நடந்த அந்தக் கடலேரி பதினாலாவது அத்தியாயத்தில் வரும் என்றேன். இரவில் வலை வீசப் போகிறவனைத் தண்ணீருக்குள்ளிருந்து குரல்கள் பேர் சொல்லிக் கூப்பிடும்.

"கூப்பிடுறது ஆர்?"

"செத்த ஆக்கள் அம்மா."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தாள்களை எடுத்து மட்டம் தட்டிக்கொண்டே கேட்டார்: "செத்திட்டினம் எண்டு நீயே எழுதினா, பிறகு நான் இதை ஏன் கொப்பி எடுக்கிறன்?"

ஆறு தாளுக்கும் காசைக் கணக்காக எண்ணி வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார், எப்போதும் அப்படித்தான்.

அந்த அத்தியாயம் நாவலில் மிகவும் நன்றாக வந்த அத்தியாயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றிரவு எடுத்தேன். பேய் என்பது கதைக்காரருக்கு ஒரு உரு. இங்கே அது சிலருக்குத் தீர்ப்பு. பழைய குளத்துக் கொத்தி ஆரையும் செத்ததாக அறிவிக்கமாட்டாள். அந்தக் குரல்கள் அறிவித்துவிடும். கதைக்கும் பெரிய சேதமில்லை, அந்த இழை கொத்தியின் கதையோடு சரியாக ஒட்டாமல்தான் இருந்தது என்று எடுத்த பிறகு தெரிந்தது.

கையொப்பம் வைத்தவர்கள் 224 பக்கத்துக்குத்தான் காசு தந்தவர்கள். ஆகவே எல்லாருக்கும் காரணத்தை எழுதி, விருப்பமில்லாவிட்டால் காசைத் திருப்புவேன் என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. சுவிசிலிருந்து ஒருவர் மட்டும் நீண்ட கடிதம் எழுதினார்: எழுதாமல் விடுவதும் ஒரு வகை அழிப்புத்தான், நாங்களே எழுதாவிட்டால் ஆர் எழுதுவது என்று. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அவருக்கு நான் இன்னும் முழுப் பதில் எழுதவில்லை. அந்த அம்மா கையொப்பம் வைக்கவில்லை, வையுங்கோ என்று நான் கேட்கவும் இல்லை.

அச்சுக் கணக்கில் அது இப்படி விழுந்தது: அச்சகம் 16 பக்கத்தை ஒரு போமாவாகக் கணக்கிடும். 224 என்றால் 14 போமா. அத்தியாயம் போனதும் 208 பக்கம், சரியாக 13 போமா. அச்சுக்கூலி 1,87,000 ஆக இறங்கியது. புத்தகம் போடுகிறவர்கள் பக்கங்களை 16இன் மடங்கில் முடிக்கப் பாருங்கோ, இரண்டு பக்கம் கூடினாலும் இன்னொரு போமாவுக்குக் காசு போகும்.

நவம்பர் 30 இரவு கொப்பியில் 229 பெயர். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் 96, யாழ்ப்பாணமும் மற்ற இடங்களும் 41, வெளிநாடு 92.

அட்டைப்படத்தை ஒரு சித்திர ரீச்சர் வரைந்தார். முதல் வரைவில் விரித்த தலையும் வெள்ளைச் சீலையும். சந்தைக்கு வருகிற எல்லாப் பேயும் அதையே உடுத்தியிருக்கிறது என்று மாற்றச் சொன்னேன். அடுத்ததில் குளக்கட்டில் ஈரக் காலடிகள். அதைக் கதை கேட்டவர்களுக்குக் காட்டினபோது பெரிய வாக்குவாதம், பேய்க்குக் கால் நிலத்தில் முட்டாதே, காலடி எப்படி விழும் என்று. இரண்டு நாள் நடந்தது. கடைசியில் வான்கதவுக்குக் கீழே தண்ணீரில் தெரிகிற ஒரு விளக்கு வெளிச்சம் மட்டும். குளக்கட்டில் விளக்கு இல்லை, தண்ணீரில் மட்டும் இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது. புத்தகத்தின் முதல் தாளில் குளத்துக்கு அடியிலுள்ள ஊரின் வரைபடத்தையும் அவரே வரைந்தார். ஐஎஸ்பிஎன் இலக்கம் கொழும்பில் தேசிய நூலகத்துக்கு விண்ணப்பித்து எடுத்தேன், 978-624 என்று தொடங்கும்.

சனவரியில் முதல் பிரூப் வந்தது. திறந்த உடனே கண்டேன்: "அவள் நின்றாள்இ திரும்பினாள்இ சிரித்தாள்." புத்தகம் முழுக்கக் காற்புள்ளி இருந்த இடமெல்லாம் "இ".

இந்த நோய் எங்கள் நாட்டில் தமிழ் அச்சடிக்கிற எல்லாருக்கும் வரும் என்பதால் விரிவாகச் சொல்லுகிறேன். நான் கொடுத்தது யுனிகோட், போனிலும் இணையத்திலும் தமிழ் எழுதுகிற பொது முறை. அச்சகம் பக்கம் அமைப்பது பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில், பாமினி எழுத்துருவில். பாமினி, ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. காற்புள்ளி விசையில் "இ" இருக்கிறது. அரைப்புள்ளி விசையில் மெய்யெழுத்தின் மேற்புள்ளி இருக்கிறது. உண்மையான காற்புள்ளி "பெரிது" என்று கணக்கில் போடுகிற குறியின் விசைக்குப் போய்விட்டது. யுனிகோட்டிலிருந்து மாற்றுகிற மென்பொருள் எழுத்துக்களை மாற்றிவிட்டுக் குறியீடுகளை அப்படியே விட்டால், காற்புள்ளி எல்லாம் "இ" ஆகும், அரைப்புள்ளி எல்லாம் அந்தரத்தில் தொங்கும் புள்ளி ஆகும்.

மாற்றின பிறகு திருத்தப் போனால் முடியாது. உண்மையான "இ"யும் பிழையான "இ"யும் கணினிக்கு ஒரே எழுத்து. அச்சகத் தம்பி எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிப் பார்த்தார், "இரவு" என்ற சொல்லெல்லாம் காற்புள்ளியோடு "ரவு" ஆனது. திருத்தம் மாற்ற முன்னமே நடக்கவேண்டும். என் யுனிகோட் கோப்பில் காற்புள்ளி எல்லாவற்றையும் கதையில் எங்கும் வராத ஒரு அடையாளமாக மாற்றினேன், இரட்டைக் கட்டக் குறி (##). அரைப்புள்ளிக்கு இரட்டை நட்சத்திரக் குறி. அதன் பிறகு பாமினிக்கு மாற்றினோம். பிறகு பேஜ்மேக்கரில் கட்டக் குறியைப் "பெரிது" குறியாக மாற்ற, காற்புள்ளி சரியாக வந்தது. அரைப்புள்ளி இருந்த இடங்களை நான் முற்றுப்புள்ளியாக்கிவிட்டேன். வளைந்த மேற்கோள் குறிகளையும் இதே மாதிரிப் பார்க்கவேண்டும், அவையும் வேறு எழுத்தாகிவிடும். இரண்டாவது பிரூப்பை நானும் பெறாமகளும் இரண்டு பேராக இருந்து பார்த்தோம். அவள் பிரூப்பை உரத்து வாசிக்க, நான் மூலத்தைப் பார்த்தேன். தனியப் பார்த்தால் மனம் சரியான சொல்லைத் தானே போட்டு வாசித்துவிடும்.

அடுத்த புத்தகத்துக்கு நானே யுனிகோட்டில் பக்கம் அமைத்து பிடிஎப்பாகக் கொடுப்பேன். அதிலிருந்தே பிளேட் எடுக்கலாம் என்று அச்சகத்தில் பிறகு சொன்னார்கள். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பசை போட்டு மட்டும் ஒட்டுகிற புத்தகக் கட்டுமுறையை நான் ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரை வெயிலில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் பசை வெடித்துப் பக்கம் கழலும், கடையில் எத்தனை பாடப்புத்தகம் அப்படிக் கண்டிருக்கிறேன். போமாக்களை நூலால் தைத்து, அதன் மேல் ஒட்டச் சொன்னேன். சிறப்புப் பதிப்பு என்று பெயர் வைக்கவில்லை, ஆனால் வாங்கினவர்கள் முதலில் தடவிப் பார்த்தது அந்தக் கட்டைத்தான்.

மார்ச் 2ஆம் திகதி 300 பிரதியும் பஸ்ஸில் வந்து இறங்கின. ஒரு புத்தகம் ஏறக்குறைய 240 கிராம். கனடாக்காரர்களின் 54 பிரதி 13 கிலோ. மாசியில் ஊருக்கு வந்து திரும்புகிற இரண்டு குடும்பங்கள் பெட்டிக்குள் பிரித்து வைத்துக் கொண்டுபோயின. லண்டன், பாரிஸ், சுவிஸ் பிரதிகள் தபாலில். உள்ளே பொலித்தீன், வெளியே பிறவுண் தாள். பொலித்தீன் இல்லாமல் போனதில் இரண்டு நனைந்து போயின, மாற்றிக் கொடுத்தேன்.

ஏ9 வீதிக்காரர்களுக்கு ஒரு காரியம் செய்தேன். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் எப்படியும் நிற்கும், தேங்காய் உடைக்காமல் ஒருவரும் கடக்கமாட்டார்கள். ஒரு ஞாயிறு காலை 7 மணி முதல் 12 மணி வரை அங்கே கச்சான் விற்கிற அக்காவின் பக்கத்தில் பெட்டியோடு இருந்தேன். கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா என்று வந்து 31 பேர் வாங்கிப் போனார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேரை நான் அன்றைக்குத்தான் முதலில் கண்டேன், குரலை மட்டும் தெரியும். முனியிடம் அகப்பட்ட ஸ்காபரோ ஐயாவின் தங்கச்சியும் வந்திருந்தா. புத்தகத்தை வாங்கி, முதல் தாளில் இருக்கிற வரைபடத்தை விரித்து, பெருவிரலை ஒரு மூலையில் வைத்து, "இது எங்கடை துருசடி" என்றா. நான் கற்பனையில் போட்ட ஊர் அது. இல்லையென்று சொல்லவில்லை.

20 பிரதி நூலகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுத்தேன். மிச்சம் 48 கடையில் விற்கிறது, இப்போது 12 இருக்கிறது.

பொருந்தாத அந்த ஒரு கணக்கு இது. 2023 நவம்பர் 24ஆம் திகதி ஆரோ ஒருவர் கிளிநொச்சியில் வங்கிக்குப் போய் சரியாக 1,200 ரூபா கட்டியிருக்கிறார். எண் சேர்க்கவில்லை, பெயரும் விளங்கவில்லை, எனக்கு எழுதவும் இல்லை. 230ஆவது கையொப்பம் அவருடையது என்று கொப்பியில் ஒரு வெற்றுக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவரின் பிரதி பிறவுண் தாளில் சுற்றி, மேலே அந்தத் திகதி எழுதி, கடை அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பணம் கட்டின துண்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. நாளைச் சொன்னால் போதும், எடுத்துத் தருவேன்.